கீழ்க்குரலின் முதல் ஆல்பம்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஷர்மளா வலது கையை உயர்த்திப் பிடித்தபடி நிற்கிறாள், என் காதுகளை மூடியிருக்கும் ஹெட்போனுக்குள் கிட்டார் மெல்ல நடந்து வருகிறது, அதன் பின்னால் ஒரு தபேலா, அதன் பின்னால் நான் தொடங்க வேண்டிய இடம், அவள் கை கீழே இறங்குகிறது, நான் வாயைத் திறக்கவில்லை, அந்த இடம் நிற்காமல் போகும் பேருந்தைப் போல என்னைக் கடந்து போகிறது, என்னண்ணே, வரி மறந்துருச்சா என்று காதுக்குள் அவள் குரல் கேட்கிறது, இல்லம்மா, இன்னொரு தடவை போடு என்கிறேன், வரி எப்படி மறக்கும், நானே எழுதியது, நான் காத்திருந்தேன், அவ்வளவுதான், யாருக்காக என்று அவள் கேட்டிருந்தால் சொல்லக் கூச்சமாக இருந்திருக்கும், லோகன் மூச்சிழுப்பதற்காக, இந்நேரம் ஈப்போவில் தன் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் யாருக்கோ ரசம் ஊற்றிக்கொண்டிருக்கும் லோகனுக்காக, கிள்ளானில் ஒரு வரிசை வீட்டின் பின்னறையில் நின்று நான் காத்திருந்தேன்.

அவன் தோள் முதலில் உயரும், அப்படித்தான் பழகியிருந்தேன், இடது தோள், சட்டைக்குள் ஒரு சின்ன அசைவு, அதைப் பார்த்ததும் நான் மூச்சை இழுப்பேன், அவன் குரல் வெளியே வந்ததும் அதன் நிழலுக்குள் என் குரல் நுழைந்துகொள்ளும், நாங்கள் நான்கு பேர், நாலு திசை என்று எங்கள் குழுவுக்குப் பெயர், ஆளுக்கொரு திசை, ஆளுக்கொரு நிறச் சட்டை, சூரியன் உதிக்கிற பக்கம் லோகனுக்குத்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை, தயாளன் வடக்கு, ஆல்பர்ட் தெற்கு, மிச்சமிருந்த மேற்கு எனக்கு, டயர் கடை மாடியில் ரப்பர் வாசனைக்கு நடுவே ஆடிப் பழகினோம், பிறகு திடீரென்று அரங்கங்கள், விளக்குகள், கிழக்கு கிழக்கு என்று கத்தும் பெண் பிள்ளைகள், லோகன் பாட்டைப் பாடுவான், நான் அதற்குக் கீழே, பாட்டைத் தாங்கிப் பிடிக்கிற இன்னொரு மெட்டைப் பாடுவேன், கீழ்க்குரல் என்போம், அப்படி ஒன்று ஓடிக்கொண்டிருப்பது கேட்பவர்களுக்குத் தெரியாது, பேருந்து நிறுத்தத்தில் ஒருத்திக்காகக் காத்திருப்பவனைப் பற்றிய எங்கள் பஸ் ஸ்டாப் பாட்டை நாடு முழுவதும் பாடியது, லோகனின் மெட்டைத்தான் பாடியது, எனக்கு அதில் வருத்தம் இருந்ததா, யோசித்துப் பார்க்கிறேன், இல்லை, நிழலாக இருந்தது, குளிர்ச்சியாக இருந்தது.

சண்டை போட்டுப் பிரிந்தோம் என்று பத்திரிகையில் எழுதினார்கள், சண்டையே இல்லை, ஆல்பர்ட்டுக்குக் கல்யாணம் ஆயிற்று, தயாளன் பெர்த் நகரத்துக்குக் குடிபோனான், ஒரு தீபாவளிக் கலைநிகழ்ச்சிக்கு எங்களைக் கூப்பிடவில்லை, அடுத்த தீபாவளிக்கு நாங்களே எதிர்பார்க்கவில்லை, லோகன் மாமனாரின் கடையை எடுத்துக்கொண்டான், நான் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தேன், சுகுணாவைப் பெண் பார்க்கப் போன அன்று, தனியாகப் பேசுங்கள் என்று எங்களை விட்டுவிட்டுப் போன ஐந்தாவது நிமிடமோ பத்தாவது நிமிடமோ அவள் கேட்ட முதல் கேள்வி, கல்யாணத்துக்கு லோகன் வருவாராங்க, அவள் அலமாரிக் கதவின் உட்பக்கம் எங்கள் படம் ஒட்டியிருந்ததாம், பொய் சொல்லக் கூடாதில்ல, கதவு சின்னது, உங்கள மடிச்சுத்தான் ஒட்டியிருந்தேன் என்றாள், நான் சிரித்த சிரிப்பில் உள்ளே இருந்த பெரியவர்கள் சம்மதம் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

வீட்டில் நான் பாடுவேன், காடியின் சக்கரங்களைக் கழுவும்போது, துணி காயப்போடும்போது, கைக்குழந்தையாக இருந்த தர்வினியைத் தோளில் போட்டுத் தட்டும்போது, எதைப் பாடுகிறேன் என்று கவனித்ததே இல்லை, கவனித்தவள் மகள், இல்லை, அவளும் கவனிக்கவில்லை, குடித்திருக்கிறாள், பால் மாதிரி, தமிழ்ப்பள்ளிக் கலைவிழாவில், எங்கப்பாவோட பாட்டு என்று அறிவித்துவிட்டு அவள் பஸ் ஸ்டாப் பாட்டைத் தொடங்குகிறாள், சொற்கள் அதேதான், மெட்டு வேறு, பின்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்புகிறது, தப்பாப் பாடுது பிள்ளை என்று ஓர் அம்மா பக்கத்தில் சொல்கிறார், எனக்கு முதுகில் சில்லென்று ஏறுகிறது, ஏனென்றால் அவள் ஓர் இடத்தில்கூடத் தப்பவில்லை, தொடக்கத்திலிருந்து முடிவு வரை அது என் கீழ்க்குரல், அவளுக்குத் தெரிந்த பாட்டு அதுதான், அவள் பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் லோகனின் மெட்டு ஒலித்ததே இல்லை.

மேடையிலிருந்து இறங்கியவள் எல்லாரும் ஏன்பா சிரிச்சாங்க என்று கேட்டாள், அப்போதுதான் ஷர்மளா வந்தாள், தர்வினியின் வகுப்புத் தோழியின் அம்மா, அன்றைக்கு ஒலிபெருக்கிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள், வீட்டுப் பின்னறையில் விளம்பரங்களுக்கு இசை பதிவு செய்கிறவள், குனிந்து, பாப்பா, நீ பாடுனது தப்பே இல்ல, அது வேற பாட்டு என்றாள், பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து, அண்ணே, யாரு போட்ட மெட்டு இது என்றாள், நானா என்று என்னையே கேட்டுக்கொண்டேன், டயர் கடை மாடியில், எல்லாரும் பசியாறப் போன ஒரு காலையில், லோகனின் மெட்டுக்குக் கீழே எதையாவது வைத்துப் பார்ப்போம் என்று தனியாக முணுமுணுத்தது நான்தான், நான்தாம்மா என்றேன், அதைச் சொல்ல இவ்வளவு வயதாக வேண்டியிருந்தது, அப்ப இத வச்சு ஒரு ஆல்பம் பண்ணுங்கண்ணே, உங்க பேருல, தனியா என்றாள்.

நாற்பதைத் தாண்டின பிறகு பாப் ஆல்பமா என்று சுகுணா சிரிப்பாள் என்று பயந்தேன், அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள், பண்ணுங்க, டான்ஸ் மட்டும் வேணாம், உங்க முட்டி தாங்காது என்றாள், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பாமலே, கடையில எங்கயாச்சும் உங்க பழைய பாட்டு போட்டா இப்பலாம் எனக்கு லோகன் குரலே கேக்கறதில்லைங்க, உங்க குரல் மட்டுந்தான் கேக்குது, முந்தி எப்படிக் கேக்காமப் போச்சோ என்றாள், குழாய் ஓடிக்கொண்டிருந்தது, நான் அடுக்களை வாசலிலேயே நின்றேன், அந்த வாரமே எழுத ஆரம்பித்தேன், பழைய சொற்களைக் கழற்றிவிட்டு அந்த மெட்டுக்குப் புதிய சொற்கள், பிறகு இன்னொரு பாட்டு, துறைமுகத்துப் பாரந்தூக்கிகளைப் பற்றி, மீன் கழுவுகிறவளைப் பற்றி, பாட்டுகள் வந்துகொண்டே இருந்தன, எல்லாம் இருந்தது, தொடங்குவது ஒன்றுதான் வரவில்லை.

ஒவ்வொரு முறையும் அரை மூச்சு தாமதம், ஷர்மளா பொறுமைசாலி, பரவால்லண்ணே, கம்ப்யூட்டர்ல கொஞ்சம் முன்னால தள்ளி வச்சிடறேன், யாருக்கும் தெரியாது என்றாள், ஆனால் வெளியீட்டுக்கு மண்டபம் பிடித்தாயிற்று, கிள்ளான் கடைத்தெருவில் என் முகத்தோடு சுவரொட்டி ஒட்டியாயிற்று, அன்று மேடையில் என்னை யார் முன்னால் தள்ளுவது, கனவில் அந்த மேடை வருகிறது, நான்கு நிறச் சட்டைகள் காற்றில் நிற்கின்றன, மூன்றில் ஆள் இல்லை, கூட்டம் காத்திருக்கிறது, நானும் அவர்களோடு சேர்ந்து காத்திருக்கிறேன், ஒரு சனிக்கிழமை காலை காடியை எடுத்துக்கொண்டு வடக்கே போனேன், ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகள் தெரியத் தொடங்கியபோது பின்னிருக்கையில் ஆல்பர்ட்டும் தயாளனும் சீட்டாடுவதுபோல, லோகன் என் தோளில் தலைசாய்த்துத் தூங்குவதுபோல, நாங்கள் அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்க்கொண்டிருப்பதுபோல இருந்தது, அவனிடம் எப்படிச் சொல்வது, நம் பாட்டுக்குள்ளிருந்து ஒரு பாட்டை உருவிக்கொண்டுவிட்டேன் என்று எப்படிச் சொல்வது, கோபித்துக்கொண்டால்.

லோகன் பருத்திருந்தான், தோளில் துண்டு, கையில் கூட்டு வாளி, என்னைக் கண்டதும் வாளியை யாருடைய மேசையிலோ வைத்துவிட்டு வந்து கட்டிக்கொண்டான், டேய் மேற்கு, முதல்ல உக்காந்து சாப்புடுடா, பேச்செல்லாம் அப்புறம் என்றான், இலை போடும் முன்பே கைப்பேசியை அவனிடம் நீட்டினேன், ஷர்மளா ஒட்டித் தந்த அரைகுறைப் பதிவு, அடுப்பு இரைச்சலுக்கு நடுவே ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டான், முடிந்ததும் மறுபடி கேட்டான், நல்லாருக்குடா, எங்கயோ கேட்ட மாதிரியும் இருக்கு, கேக்காத மாதிரியும் இருக்கு, எங்கருந்து புடிச்ச என்றான், பஸ் ஸ்டாப் பாட்டுலேருந்து என்றேன், அதுல இது எங்கடா இருந்துச்சு, உனக்குக் கீழ என்றேன், அவன் முகத்தில் ஒன்றும் அசையவில்லை, ஒரு நொடி பயந்தேன், இத்தன வருஷமா நீ கீழ இதத்தான் பாடிக்கிட்டு இருந்தியா என்றான் மெதுவாக, நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்லடா, என் குரலையே கேட்டுக்கிட்டு இருந்துட்டேன், ஆனா ஒண்ணு மச்சான், மேல ஏறுற எடத்துலலாம் எனக்குப் பயமா இருக்கும், கால் வைக்க ஏதோ இருக்குன்னுதான் ஏறுவேன், என்ன இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியுது, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான், வியர்வையா வேறெதுவுமா என்று நான் பார்க்கவில்லை, தொடங்க முடியாத கதையைச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தான், சரி, கடை லீவு அன்னிக்கு வர்றேன், நீ ஆரம்பிச்சா நான் கூட சேர்ந்துக்கறேன், ஆரம்பிக்கலைன்னா பேசாம திரும்பிப் போயிடுவேன்லா.

வந்தான், பின்னறைக்குள் நுழைந்ததும் ஒலிவாங்கிக்கு முன் என்னை நிறுத்தினான், தான் எனக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான், இப்ப என் தோளும் தெரியாது, ஒண்ணும் தெரியாது, பாடு என்றான், கிட்டார் நடந்து வருகிறது, தபேலா வருகிறது, முதுகுக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறான், மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை, அவன் அடக்கிக்கொண்டிருக்கிறான் என்பது எனக்குப் புரிகிறது, எனக்காக ஒருவன் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறான், நான் தொடங்காவிட்டால் அவனால் மூச்சுவிட முடியாது, அடுத்த கணம் என் குரல் அறைக்குள் இருக்கிறது, கை இறங்குவதற்கும் முன்னாலேயே வந்துவிட்டது, ஷர்மளா உயர்த்திய கையை அப்படியே வைத்துக்கொண்டு சிரிக்கிறாள், நான் நிறுத்தவில்லை, முதல் சரணம், அடுத்த சரணம், கீழே ஒன்றுமில்லை, மேலேயும் ஒன்றுமில்லை, நான் விழவில்லை.

பிறகுதான் வேடிக்கை, லோகன் கீழ்க்குரல் பாட முயன்றான், ஒவ்வொரு முறையும் வழுக்கிக்கொண்டு என் மெட்டிலேயே வந்து விழுந்தான், என்னடா இது, எண்ணெய்த் தரையில நடக்கற மாதிரி இருக்கு, இதையா அத்தன வருஷம் பாடுன என்று கத்தினான், வேறு வழியில்லாமல் அவனுக்கு முன்னால் நின்று என் தோளை உயர்த்திக் காட்டினேன், மாலைக்குள் ஒரே ஒரு வரியைச் சரியாகப் பாடினான், ஆல்பத்தில் அந்த ஒரு வரி இருக்கிறது, அவன் பெயரையும் போட்டிருக்கிறோம்.

வெளியீடு ஒரு ஞாயிறு பிற்பகல், மண்டபம் நிரம்பவில்லை, காலியாகவும் இல்லை, அன்று கத்திய பெண் பிள்ளைகள் இன்று தங்கள் பிள்ளைகளின் கத்தலை அடக்கியபடி உட்கார்ந்திருந்தார்கள், பஸ் ஸ்டாப் பாட்டு, பஸ் ஸ்டாப் பாட்டு என்று கேட்டார்கள், அது லோகன் பாட்டு, அப்புறம் அவனையே கூப்பிட்டுப் பாடவைக்கலாம், இது என்னோடது என்று சொல்லிவிட்டுத் தொடங்கினேன், முதல் வரிசையில் தர்வினி ஒவ்வொரு சொல்லுக்கும் வாயசைத்தாள், யாரும் சிரிக்கவில்லை, பாட்டு முடியும்வரை எவரும் கைப்பேசியைப் பார்க்கவில்லை என்று பிறகு ஷர்மளா சொன்னாள், நான் பார்த்தது வேறு, பாட்டுக்கு நடுவில் யாரோ எடுத்த ஒரு படம், சுகுணாவுக்குப் பக்கத்து நாற்காலியில் லோகன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி படத்துக்குத் தயாராக உட்கார்ந்திருக்கிறான், அவள் ஆசைப்பட்டுக் கேட்ட படம், ஆனால் படத்தில் சுகுணா கேமராவைப் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை, மேடைப் பக்கம் திரும்பிவிட்டிருக்கிறாள், முகம் பாதிதான் விழுந்திருக்கிறது, அந்தப் பாதி எனக்குப் போதும்.

பெரிய வெற்றியா என்று கேட்கிறார்கள், வானொலியில் காலை வேளைகளில் எப்போதாவது போடுகிறார்கள், இரண்டு கல்யாணங்களுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், அலுவலகத்தில் தமிழ் தெரியாத யூசோப் அதைத் தன் கைப்பேசி மணியாக வைத்திருக்கிறார், அர்த்தம் புரியாமலேயே, இன்று திங்கள் காலை, கூட்டரசு நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கின்றன, எங்கிருந்தோ ஒரு மெட்டு வருகிறது, யாருக்கும் கீழே இல்லாத, இதுவரை யாரும் பாடியிராத மெட்டு, சொல் இன்னும் வரவில்லை, நான் பாடுகிறேன், ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு முழுக் குரலில், பக்கத்தில் நிற்கும் லாரியின் ஓட்டுநர் தலையைத் திருப்பிப் பார்க்கிறார், என் வாய் அசைவது மட்டும் அவருக்குத் தெரியும்போல, தன் காதைத் தொட்டு ஏதோ கேட்கிறார், நான் பாட்டை நிறுத்தாமல் கண்ணாடியைக் கீழே இறக்குகிறேன்.