செவ்வந்தி அடிக்காத கற்பூரம்

செவ்வந்திக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. ஒன்றைத் தருவதாக அண்ணன் பகலவன் ஒத்துக்கொண்டிருந்தான். இருவர் ரத்தத்தையும் பொருத்திப் பார்த்த டாக்டரம்மா முகத்தைச் சுளித்தார்.

"அண்ணன் திசுவ எதிர்க்கிற ஆன்டிபாடி உங்க ரத்தத்துல இருக்கு. முன்னாடி ரத்தம் ஏத்துனாங்களா? கர்ப்பம், கலைஞ்சது, அப்படி ஏதாவது?"

"கல்யாணமே ஆவலீங்க. ரத்தமும் ஏத்துனதில்ல."

"ஒண்ணுமே நடக்காம, நல்லா இருக்கறவங்களுக்கும் இது இருக்கும். ஆம்பளைங்களுக்குக்கூட. இன்னொரு டெஸ்ட் பாத்துடலாம்."

கர்ப்பம் என்ற சொல்லுக்குப் பிறகு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பகலவன் எதையும் காதில் வாங்கவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனி விடுதியில் அவள் இருந்த காலம் அவன் மண்டைக்குள் ஓடுவது செவ்வந்திக்குத் தெரிந்தது.

அடுத்த டெஸ்டில் பயமில்லை என்று வந்தது. அந்த ஆன்டிபாடி உயிருள்ள செல்லை ஒன்றும் செய்யாது, ஆபரேஷன் செய்யலாம் என்றார்கள். சொந்த ஊரான ரிஷிவந்தியத்தில் வந்து இறங்கியதும் பகலவன் சொன்னான்.

"வயித்துல எதுவும் தங்குனதில்லன்னு நாளைக்கு அய்யனார் கோயில்ல எரியற கற்பூரத்தக் கையால அடிச்சி சத்தியம் பண்ணு. அப்பறம் கையெழுத்துப் போடறன்."

"டாக்டரம்மா சொன்னது காதுல ஏறலியா? ஆம்பளைக்கும் இருக்குமாம். உன் ரத்தத்தப் பாத்தா உனக்கும் இருக்கலாம். உனக்கு எத்தினி மாசம்ணா?"

அவன் சிரிக்கவில்லை.

மறுநாள் அம்மா தைலம்மாள் வெற்றிலையில் கற்பூரம் வைத்துக் கொளுத்தினாள். செவ்வந்தியின் முகம் ஊதியிருந்தது, காலில் செருப்பு நுழையவில்லை. அடிப்பதென்றே வந்திருந்தாள். பொய் ஒன்றும் இல்லையே, ஒரு அடி, அதோடு தீர்ந்தது. கையை ஓங்கிவிட்டு அம்மாவைப் பார்த்தாள். தைலம்மாள் கண்களை இறுக்க மூடிக்கொண்டு, "அய்யனாரே, எம்பொண்ண ஒண்ணும் பண்ணிடாத" என்று முனகிக்கொண்டிருந்தாள்.

பொய்ச் சத்தியம் என்றே அம்மாவும் நம்பியிருக்கிறாள்.

செவ்வந்தி கையை இறக்கினாள். கற்பூரம் வெற்றிலையைக் கருக்கிவிட்டு அணைந்தது.

"அப்ப நெசந்தான்" என்று பகலவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதன் பிறகு ஆஸ்பத்திரி பக்கமே அவன் வரவில்லை.

டயாலிசிஸுக்குக் கள்ளக்குறிச்சி போகும் பஸ்ஸில் தைலம்மாள் கேட்டாள்.

"ஒரு அடி அடிச்சிருந்தா இன்னாடி? உசுரு பொழச்சிருப்பியே."

"நீ கண்ணத் தொறந்துகினு நின்னிருந்தா அடிச்சிருப்பேன்."