சில்லுப்பலகையும் ஆதம்பாவாவின் யன்னலும்

1.

தலைமன்னார் இறங்குதுறையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட ரயிலை, ஒரு பலகையில் நின்றபடி முந்திய மனிதன் நான், நீக்கிலாஸ். வயது அறுபத்தெட்டு. சாரம் கட்டியிருந்தேன். ஒரு கையில் வெற்றிலை.

நம்பாவிட்டால் பரவாயில்லை. இந்தக் கதை பிறந்ததே அதனால்தான். ஊரில் யாரிடம் சொன்னாலும் சிரித்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுகிறார்கள். எழுதிவிட்டால் நம்புவார்கள் என்று என் சிநேகிதன் ஆதம்பாவாவிடம் சொன்னேன்.

"எழுதினாலும் நீதானே மச்சான் எழுதுறாய்" என்றான்.

ஆகவே ஒரு உடன்படிக்கை. நான் எழுதுவேன். அவன் வாசித்து, பொய் கண்ட இடத்தில் அடைப்புக்குறிக்குள் திருத்துவான். அடைப்புக்குறிகளைத் தாண்டிப் போக உங்களுக்கு முழு உரிமை உண்டு.

(சாரம் இல்லை, காற்சட்டை. வெற்றிலையும் இல்லை. – ஆ.)

தொடங்கிவிட்டான்.

2.

நான் எழுதிக் கிழித்த தொடக்கங்கள்:

"கடலும் வானமும் தொடும் இடத்தில் ஒரு முதிய மீனவன் –" வேண்டாம். முதிய என்ற சொல் எனக்கு ஒத்துவராது.

"மின்சாரம் என்பது யாதெனில் –" எனக்குத் தெரியாது.

"நான் கிணற்றடியில் விழுந்து கிடந்த அன்று –"

உண்மையில் கதை இங்கேதான் தொடங்குகிறது. அதனால்தான் இதை எழுத இத்தனை தாள் செலவானது. குளிக்கப் போனவன் வழுக்கி விழுந்தேன். எழும்ப முடியவில்லை. பின்னேரம் ஆதம்பாவா தேடி வரும்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். (அழுதுகொண்டு கிடந்தான். – ஆ.) அவன் தூக்கி நிறுத்தியதோடு விட்டிருக்கலாம். ரொறன்ரோவில் இருக்கும் என் மகள் ஜெயகௌரிக்கும் போன் எடுத்துச் சொல்லிவிட்டான்.

அவள் என்னைக் கனடாவுக்குக் கூப்பிடப் பத்திரங்கள் நிரப்பத் தொடங்கினாள்.

"அப்பா, வாற மாதம் கடைசிப் புதன்கிழமை அனுப்பப் போறன். நீங்கள் இஞ்ச வாறியள்."

"நான் வரேல்லப் பிள்ளை."

"விழுந்தா அங்க ஆர் தூக்குறது?"

"நான் விழமாட்டன்."

"விழுந்தனீங்கள்தானே!"

சண்டைக் காலத்தில் ஒருமுறை வள்ளத்தில் ஏறி இந்தியாவுக்குப் போனேன். 'கொஞ்ச நாள்' என்றுதான் போனோம். மண்டபம் அகதி முகாமில் பதினெட்டு வருடம். மீள்குடியேற்றம் என்று சொல்லித் திரும்பி வந்தபோது என் வளவில் என்னைவிட உயரமாக உடைமரம் நின்றது. வெட்டினேன், கட்டினேன், கூரை போட்டேன். என் மனைவி மேரி ரோஸ் இருந்திருந்தால் இந்த முற்றத்தில் –

இந்த வசனத்தை முடிக்கப் போவதில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: இன்னொரு முறை 'கொஞ்ச நாள்' என்று ஏறினால் நான் திரும்பமாட்டேன்.

3.

தொலைபேசியில் ஒரு படம் கண்டேன். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெடியன், நீளப் பலகை ஒன்றின் அடியில் நாலு சில்லும் மோட்டரும் பூட்டி, கையில் றிமோட்டோடு தெருவில் வழுக்கிப் போகிறான். அவன் கால் அசையவில்லை. சும்மா நிற்கிறான். நிற்பதற்கே ஒரு வாகனம்!

மகளுக்குப் போன் எடுத்தேன்.

"நான் அதைச் செய்து, விழாம ஓடிக் காட்டினா?"

அவள் சிரித்த சிரிப்பில் ரொறன்ரோவில் பனி உருகியிருக்கும்.

"ஓடிக் காட்டுங்கோ, நான் அனுப்பேல்ல. ஆனா நீங்கள் சொன்னா நம்பமாட்டன். படம் அனுப்பினாலும் நம்பமாட்டன். ஆதம்பாவா மாமா தன்ர கண்ணால கண்டு சொல்லவேணும்."

படத்தை ஏன் நம்பமாட்டாள்? சூடை மீனைக் கமராவுக்குக் கிட்டப் பிடித்து, சுறா என்று அனுப்பிய ஒரு சம்பவம் உண்டு. பெரிய சம்பவம் அல்ல. சிறிய மீன்தான்.

இங்கே எழுத்தாளனாக எனக்கு ஒரு சந்தேகம். ஆதம்பாவா என்ற பாத்திரம் இந்தக் கதைக்குத் தேவைதானா? பொய் சொல்லத் தெரியாத ஒருவன் கதைக்குள் நிற்பது வலைக்குள் பாறை கிடப்பது மாதிரி. தூக்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன். முடியவில்லை. இளமையில் ஒரே வள்ளத்தில் தொழில் செய்தவர்கள் நாங்கள். தொண்ணூறாம் ஆண்டில் முஸ்லிம் சனங்களோடு சனமாக அவனையும் இயக்கக்காரர் ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். அவன் புத்தளம் போனான். பிறகு நான் இந்தியா போனேன். இருபது வருடம் கழித்து இறங்குதுறையில் சந்தித்தபோது அவனுடைய தாடி வெள்ளை, என்னுடைய தலை வெள்ளை. என் பொய்கள் மட்டும் நரைக்காமல் இருந்தன.

(இது உண்மை. – ஆ.)

4.

பலகைக்குக் காசு கொடுத்து மரம் வாங்கவில்லை. உடைந்த வள்ளத்தின் துண்டு ஒன்றை வெட்டி, எங்கள் வள்ளங்களுக்கு ஒட்டுப்போடும் முறையிலேயே ஃபைபர் பாயை அடுக்கி, பசை பூசிக் காயவைத்தேன். யானை ஏறினாலும் வளையாது. கொஞ்சம் வளையவேண்டும் என்பது பிறகுதான் தெரிய வந்தது. ஆனால் தண்ணீர் புகாது. இலங்கையிலேயே மிதக்கக்கூடிய ஒரே சில்லுப்பலகை என்னுடையது.

மோட்டர், பெல்ட், பற்றரி, வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி எல்லாம் கொழும்பிலிருந்து பொதியாக வந்தன. முதல் நாள் பற்றரியின் சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் மாற்றிக் கொடுத்தேன். ஒரு வெளிச்சம்! மன்னார்த் தீவு முழுவதும் மின்சாரம் நின்றுபோனது.

(அவனுடைய புருவம் மட்டும் எரிந்தது. பெட்டி புதிதாக வாங்கவேண்டி வந்தது. – ஆ.)

ஓடியது. ஆனால் நான் விழுந்தேன். தேவாலய மதிலடியில், மீன்வாடிக்கு முன்னால், ஒரு கழுதையின் மேல். ஆதம்பாவா ஒவ்வொரு தரமும் கைகட்டி நின்று பார்த்தான்.

"மச்சான், காகிதத்துல ஒப்பத்தப் போட்டுட்டுக் கனடாக்குப் போ. அங்க விழுந்தா பனிமேலதான் விழுவாய், நோகாது."

"நீ ஆற்ற பக்கம்?"

"நான் உன்ட எலும்புட பக்கம்."

ஏன் விழுந்தேன்? எனக்கே மெதுவாகத்தான் பிடிபட்டது. எங்கள் வள்ளம் இடப்பக்கம் திரும்பினால் வலப்பக்கம் சாயும். வாழ்நாள் முழுக்க என் கால்கள் அதற்குப் பழகியவை. சில்லுப்பலகையோ சாய்ந்த பக்கத்துக்கே திரும்புகிறது. இது தரையின் சட்டம். என் கால்களுக்கு அந்தச் சட்டம் தெரியாது. இந்த வயதில் அவை படிக்கவும் போவதில்லை.

ஒரு நாள் மணல் சிக்கிவிட்டதென்று இரண்டு அச்சையும் கழற்றித் துடைத்துப் பூட்டினேன். ஏறினேன். பலகை இடப்பக்கம் திரும்பியபோது வலப்பக்கம் சாய்ந்தது! என் கால்கள் அதை அடையாளம் கண்டுகொண்டன. மீன்வாடி மட்டும் போனேன். திரும்பியும் வந்தேன். விழவில்லை.

குனிந்து பார்த்தால், அச்சு இரண்டையும் முன்பின் மாற்றிப் பூட்டியிருக்கிறேன். தொலைபேசியில் தேடினேன். 'புதியவர்கள் விடும் படுமோசமான பிழை, உடனே கழற்றவும்' என்று எல்லா நாட்டுக்காரரும் ஒரே குரலில் சொன்னார்கள். நான் திருகாணியை இன்னும் கொஞ்சம் இறுக்கினேன்.

இதைப் பெருமையோடு எழுதுகிறேன்: கடற்தொழிலாளி மட்டுமே ஓட்டக்கூடிய சில்லுப்பலகையை உலகில் முதன்முதலாகச் செய்தவன் நான்.

(நானும் கடற்தொழிலாளிதான். நான் ஏறி விழுந்தேன். – ஆ.)

அவன் எப்போதும் வள்ளத்தில் குந்தியிருந்துகொண்டே வருகிறவன். நான் நின்றுகொண்டு வருகிறவன்.

5.

நான் விழாமல் ஓடியதை ஆதம்பாவா இன்னும் காணவில்லை. விழுந்ததை மட்டுமே கண்டவன். அச்சு மாறியது செவ்வாய்க்கிழமை. மறுநாள்தான் மகள் சொன்ன புதன்கிழமை. அன்று காலை ரயிலில் அவன் கொழும்பு போகிறான். அவனுடைய மகள் உம்மு ஸல்மாவுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது.

"ஸ்டேசனுக்கு முன்னால நில். ஓடிக் காட்டுறன்" என்றேன்.

"கோச்சி வெளிக்கிட முன்னம் வந்தியெண்டாப் பாப்பன்."

அரைவாசி வழியில் பெல்ட் கழன்றது. நடுத்தெருவில் குந்தியிருந்து, அதை மாட்டிவிட்டு நிமிர்ந்தால், ரயில் கூவுகிறது. நான் ஸ்டேசனடிக்கு வர, கடைசிப் பெட்டி என்னைக் கடந்து போகிறது. ஆதம்பாவா எப்போதும் முன் பெட்டியில் ஏறுகிறவன்.

அங்கே தெருவும் தண்டவாளமும் சற்றுத் தூரம் அருகருகே போகின்றன. அந்தத் தூரம் முடிவதற்குள் அவன் என்னைக் காணவேண்டும். காணாவிட்டால் என் வீடு, என் முற்றம், என் கிணறு எல்லாம் ஒரு தபாலுறைக்குள் போய்விடும். றிமோட்டை முழுதாக அழுத்தினேன்.

கடைசிப் பெட்டி. அதற்கு முன் பெட்டி. யன்னல்களில் தலைகள். யாரோ "அண்ணே, டிக்கட் எடுத்தனீங்களோ?" என்று கத்துகிறான். ஒரு சிஸ்டர் சிலுவை அடையாளம் போடுகிறார். காற்று என் காதைப் பிய்க்கிறது. மணல் திட்டில் பலகை துள்ளியது, வலப்பக்கம் சாய்ந்தது, கால்கள் தாமாகவே வள்ளத்தில் நிற்பதுபோல் நின்றன. முன் பெட்டி. மூன்றாவது யன்னலில் தாடி.

"ஆதம்பாவா! பார்! நிக்கிறன் பார்!"

அவன் வாய் திறந்தபடி இருந்தது. நான் என்ஜினையும் தாண்டிப் போனேன்.

6.

எப்படி நின்றேன் என்று கேட்பீர்கள். மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ. பிறேக் பிடித்து, கனவான்போல் இறங்கி, என்ஜின் சாரதிக்குத் தொப்பியைத் தூக்கினேன்.

ஆ. பற்றரி முடிந்து, மெதுவாகத் தானே நின்றது.

இ. பிறேக் பூட்ட மறந்திருந்தேன். தாழம்புதர்.

உங்களுக்குப் பிடித்ததை எடுங்கள். என் முழங்கை 'இ' என்று சொல்கிறது, ஆனால் அதன் பேச்சை யாரும் கேட்கவேண்டியதில்லை. விழுந்தது ரயில் போன பிறகு. யாரும் பார்க்காத விழுகை கணக்கில் வராது.

மற்ற முடிவை, அந்தக் கனடாப் பத்திரங்களின் முடிவை, நான் எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். பேனாவை அவனிடம் கொடுக்கிறேன்.

7.

நான் ஆதம்பாவா. எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை.

ரயிலுக்குள் இருந்துதான் ஜெயகௌரிப் பிள்ளைக்குப் போன் எடுத்தேன். "பிள்ளை, உங்கட அப்பா நிக்கிறார்" என்றேன். "எங்க மாமா?" என்று கேட்டா. "கோச்சிக்குப் பக்கத்தில" என்றேன். "நீங்களும் அவரோட சேர்ந்து பொய் சொல்லப் பழகிட்டீங்களோ?" என்று கேட்டா. "வல்லாஹி, சத்தியமாக் கண்ணால கண்டன்" என்றேன். "சரி மாமா, நான் அனுப்பேல்ல. ஆனா நீங்கள் ஒவ்வொரு நாளும் போய்ப் பாக்கவேணும்" என்றா. போய்ப் பார்க்கிறேன்.

இந்தக் கதையில் மற்றதெல்லாம் பாதிக்குப் பாதிதான். ஆனால் அண்டைக்கு ரயில் நிக்கவில்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது. நீக்கிலாஸ் முந்தினவன்.