பதினாறு நட்டுகள்

"நாலையும் கழட்டிட்டா வண்டி எதுமேல மச்சான் நிக்கும்?"

"செங்கல்லு மேலதான். கம்பத்துல அந்தப் பல் டாக்டர் வண்டிய நேத்துக் காலையில பாத்தவுக சொன்னாக. வீலு நாலும் போயி, செங்கல்லு மேல முண்டமா நிக்குதாம்."

"அப்ப திருடன் செய்யிறத அவன் வர்றதுக்கு முன்னால நாமளே செஞ்சிரணுமா?" என்று கணவனின் அண்ணனிடம் கேட்டாள் நசீமா.

நத்தர்ஷா சிரிக்கவில்லை. ஜாக்கியைத் தம்பியின் மாருதி காருக்கு அடியில் தள்ளினார். தம்பி ஷானவாஸ் சவூதியில், தம்மாமில் இருந்தான். போன லீவில் அந்த வெள்ளைக் காரை வாங்கி, காமயகவுண்டன்பட்டி வீட்டு வாசலில் நிறுத்தி, "ஃபர்ஹீனுக்காகத்தான்" என்று மனைவி நசீமாவிடம் சொல்லிவிட்டு விமானம் ஏறியிருந்தான். மகள் ஃபர்ஹீனுக்குப் பிறவியிலேயே இடது பாதம் உள்ளே திரும்பியிருந்தது. செவ்வாய்க்கிழமை தவறாமல் தேனிக்குக் கூட்டிப்போய்க் காலுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறுவாள் நசீமா.

அதனால்தான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கினாள். அது கைக்கு வந்த மறுநாள் மகளை முன்சீட்டில் உட்கார வைத்துச் சுருளிப்பட்டி வரை ஓட்டினாள். திராட்சைப் பந்தல்கள் இரண்டு பக்கமும் பச்சைத் தண்ணீர் போலப் பின்னால் போயின. இந்த ரோடு இப்படியே மலையில் ஏறி, கடலில் இறங்கி, இன்னொரு தேசத்தில் போய் முடியும் என்று அவளுக்குத் தோன்றியது. "இன்னும்மா, இன்னும்" என்றாள் ஃபர்ஹீன்.

அதற்கு அடுத்த நாள்தான் நத்தர்ஷா ஜாக்கியோடு வந்தார்.

"இந்தா, எண்ணிக்க. பதினாறு நட்டு. வீலு நம்ம தோட்டத்து மோட்டார் ரூம்புல கெடக்கட்டும், நட்டு ஒங்கிட்ட இருக்கட்டும். களவாணிப்பய ரெண்டு எடத்துலயும்ல வந்து களவாங்கணும்!"

தன் யோசனையில் அவருக்கே பெருமை. நசீமா நட்டுகளைக் காலி காப்பிப் பாட்டிலில் போட்டு, துருப்பிடிக்காமலிருக்கத் தேங்காயெண்ணெய் ஊற்றி அலமாரியில் வைத்தாள். அவளிடம் விட்டுவைத்த கார் அவ்வளவுதான்.

நான்கு மாதம் போயிற்று. கோழிகள் காருக்கு அடியில் நிழல் பிடித்தன. ஒரு செவ்வாய்க்கிழமை தேனியில் ஒரு கடையில் வீலுக்கு ஒன்றாக மாட்டும் பூட்டு நட்டு விற்றார்கள். தனிச் சாவி இல்லாமல் எந்தக் கொம்பனாலும் கழற்ற முடியாது என்றார் கடைக்காரர். அன்று மாலையே அதை நத்தர்ஷாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

அவர் உருட்டிப் பார்த்தார். "இதுக்குச் சாவி யார்ட்ட இருக்கும்?"

"எங்கிட்டதான்."

"ம்." திருப்பிக் கொடுத்துவிட்டார். "காலம் கெட்டுக் கெடக்கும்மா."

அவருடைய கார் தெருவிலேதான் நின்றது, நாலு வீலோடு. "உங்க வீலு மட்டும் திருடனுக்குப் பிடிக்காதா மச்சான்?"

"ஆம்பள இருக்குற வீடுன்னு அவனுக்குத் தெரியும்ல."

அந்த வாரம் ஃபர்ஹீனுக்குப் பல்வலி. கம்பத்துக்கு அதே பல் டாக்டரிடம் போனார்கள். சீட்டு எழுதிய சண்முகராஜிடம் நசீமா பேச்சுவாக்கில் கேட்டாள்: "டாக்டர் வண்டி வீலு கெடச்சிருச்சாண்ணே?"

"என்ன வீலு?"

"கார் வீலு. களவு போச்சுன்னாகளே."

சண்முகராஜ் வாய்விட்டுச் சிரித்தார். "எங்க டாக்டருக்கு ஏதும்மா காரு? அந்தா, வேப்பமரத்துக்கடியில நிக்கிதுல்ல ஸ்கூட்டரு, அதான். அத எவனாவது தூக்கிட்டுப் போனா நாங்களே மிட்டாய் குடுப்போம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் அவள் நின்றுகொண்டே வந்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ஷானவாஸ் போன் செய்தான். எடுத்த எடுப்பில் சொன்னாள்: "அந்தப் பல் டாக்டருக்குக் காரே இல்லையாம்."

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அண்ணன் சொல்லிட்டாகளா?" என்றான்.

நசீமா தரையில் உட்கார்ந்தாள். "அப்ப ஒங்களுக்கும் தெரியும்."

"நீ சுருளிப்பட்டி ரோட்டுல ஓட்டிட்டுப் போனத அன்னைக்கே இங்கன சொல்லிட்டானுக. ரூம்பு பூரா நம்ம ஊர்க்காரனுக. 'என்னப்பா, வீட்டுல டாக்ஸி ஓட்டுறாகளாமே'ன்னு ஒரே சிரிப்பு. நானே நேரா ஒங்கிட்ட ஓட்டாதன்னு சொன்னா நீ வருத்தப்படுவ. அதான் அண்ணன்ட்ட பக்குவமா..."

"புள்ளைய இடுப்புல தூக்கிக்கிட்டு நான் பஸ்ஸுல தொங்குறத யாரும் சொல்லிச் சிரிக்கலையா?"

வெளியே டிராக்டர் வந்து நின்றது. எதையோ தொப்பென்று இறக்கும் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"அம்மா, வீலு வந்திருச்சு!" ஃபர்ஹீன் சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வாசலுக்கு ஓடினாள். "நம்ம வீலு வந்திருச்சும்மா!"

நசீமாவும் ஒரு கணம் எழுந்தேவிட்டாள்.

"வந்துட்டாகளா?" என்றான் ஷானவாஸ். "கோவிக்காத. அனுமந்தன்பட்டியில ஒருத்தரு நல்ல வெலைக்குக் கேக்குறாராம். சும்மா நிக்கிற வண்டிதான? இன்னைக்கே மாட்டி ஓட்டிட்டுப் போறாக."

வாசலில் நத்தர்ஷா செருமினார். உள்ளே வரவில்லை. ஃபர்ஹீன் ஒரு வீலின் மேல் ஏறி உட்கார்ந்து, இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அலமாரியில், எண்ணெய்க்குள், பதினாறு நட்டும் புதுசுபோல மின்னின.

"நசீமா, கேக்குதா? அந்த நட்டுப் பாட்டில எடுத்து அண்ணன் கையில குடுத்துரு."