கொலைகாரன் வீட்டுக்குப் போன நூடுல்ஸ்

2011 ஆகஸ்ட் 18, அமெரிக்காவின் ஓஹியோ மாநிலம், ஹோம்ஸ் மாவட்டம். பத்தொன்பது வயது சலோமா யுட்சி தன் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்துகிடந்தாள். பால் லாரி ஓட்டிய கைல் ப்ராட் அன்று மாலையே குற்றத்தை ஒப்புக்கொண்டான்.

மறுநாள், மகளின் உடல் வீடு வந்து சேரும் முன்பே, அவளைப் பெற்ற ஐவனும் ஃபேனியும் குதிரைவண்டியில் கைலின் தாய் டார்லீன் வீட்டுக்குப் போனார்கள். ஃபேனியின் மடியில் நீலக்கரைப் பாத்திரம் நிறையக் கோழி நூடுல்ஸ். "உங்க பையன் மேல எங்களுக்குக் கோபம் இல்லம்மா" என்றார் ஐவன். கார் வைத்துக்கொள்ளாமல் பழைய முறையில் வாழும் ஐவன் போன்ற ஆமிஷ் கிறிஸ்தவர்களுக்கு நெடுங்காலமாக வாடகை வேன் ஓட்டுகிறவன் நான். மன்னிப்பது அவர்கள் சபை வழக்கம். எங்கள் பக்கம் யாரும் இதை வியப்பாகப் பேசவில்லை.

வெளியூரிலிருந்து வந்த நாவலாசிரியை ஒருத்தி வியந்தாள். ஐவன் வீட்டு மேசைமுன் உட்கார்ந்து பலமுறை சாப்பிட்டாள். அவள் நாவலில் மகளைக் கொன்றது தகப்பன், லாரிக்காரன் அப்பாவி. "இவ்வளவு சீக்கிரம் மன்னிக்கிறவன் எதையோ மறைக்கிறான்" என்கிறார் அதில் வரும் துப்பறிவாளர். பெயர்களை மாற்றியிருந்தாள், வேறொன்றையும் மாற்றவில்லை. ஆமிஷ்காரர்கள் கோர்ட்டுக்குப் போகமாட்டார்கள் என்பது பதிப்பகத்துக்குத் தெரியும்.

பிறகு அது படமானது. படக்குழுவிலிருந்து ஒரு பெண், சமைத்த நூடுல்ஸை டப்பாவில் அடைத்து விற்கும் ஃபேனியின் சாலையோரக் கடைக்கு வந்தாள். பசுக்களை விற்ற பிறகு அந்தக் கடைதான் குடும்பத்தை ஓட்டியது.

"அன்னைக்கு நூடுல்ஸ்ல என்னென்ன போட்டீங்க? அசலா இருக்கணும்னு டைரக்டர் சொல்றார்."

சமையல் பக்குவம் கேட்டால் இங்கே யாரும் மறைப்பதில்லை. ஃபேனி சொன்னாள். பாத்திரத்தையும் எடுத்துக் கொடுத்தாள். "கழுவிக் குடுத்தாப் போதும்மா."

படம் வெளியானபோது கடைக்கு எதிரே நெடுஞ்சாலை விளம்பரப் பலகையில் அந்த நீலக்கரைப் பாத்திரம் இருந்தது. படத்தில், உண்மை தெரிந்த லாரிக்காரனின் தாயைத் தீர்த்துக்கட்ட, தகப்பன் அதில் விஷம் கலக்கிறானாம். டார்லீன் பார்த்துவிட்டு நேராகக் கடைக்கு வந்தாள்.

"நான் டிவில போய் உண்மையச் சொல்றேன், ஐவன்."

"வேண்டாம். உன் பையன் பேரைத் திரும்பவும் இழுப்பாங்க."

"என் பையன்தானே கொன்னான்!"

"அதுக்குத்தான் ஜெயில்ல இருக்கான். போதும், விடு."

அடுத்த சனிக்கிழமை டார்லீனைக் கடைக்கு வேனில் கொண்டுவந்தவன் நான். எங்களுக்கு முன்பே ஒரு சுற்றுலாப் பேருந்து வந்து நின்றிருந்தது. சிவப்புத் தொப்பிக்காரர் ஒருவர் நூடுல்ஸ் டப்பாவைத் தூக்கிக் காட்டினார்.

"விஷம் தனியா வாங்கணுமா, உள்ளயே இருக்கா?"

"சும்மா இருங்க, காதுல விழப்போகுது" என்று சிரித்தபடி ஐவன் பக்கம் கேமராவை நீட்டினாள் அவர் மனைவி. "ஐயா, கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க!"

படம் எடுக்க முகம் காட்டுவது சபை விதிக்கு விரோதம். ஐவன் தொப்பியை இறக்கித் திரும்பிக்கொண்டார்.

"பாத்தியா? மூஞ்சிய மறைக்கிறான்" என்றார் தொப்பிக்காரர்.

டார்லீன் ஒரு டப்பாவைத் திறந்து, நின்றபடியே கரண்டி கரண்டியாக அள்ளித் தின்றாள். வாயைத் துடைக்கவில்லை.

"அன்னைக்குத் தின்னவ நான்தான்யா. உசுரோட நிக்கிறேன் பாரு. பொண்ணக் கொன்னது என் மகன். ஜெயில்ல இருக்கான், போய்க் கேளு."

தொப்பிக்காரர் ஒரு கணம் விழித்தார். பிறகு கைதட்டினார்.

"அடேயப்பா! ஆள் வச்சு நடிச்சே காட்டுறாங்கப்பா! படத்தவிட நல்லாயிருக்கு!"

பேருந்தே கைதட்டியது. யாரோ டார்லீனின் காலடியில் சில்லறை போட்டார்கள்.

"உள்ள வா, டார்லீன்" என்றாள் ஃபேனி. "காபி வைக்கிறேன்."

பேருந்து போன பிறகு பார்த்தேன். எதிர்ப்பக்கச் சாலைப் பள்ளம் நெடுக டப்பாக்கள். திறந்து, பாத்திர விளம்பரப் பலகையோடு படம் எடுத்துக்கொண்டு, ஒரு வாய் தின்னாமல் வீசியிருந்தார்கள். நூடுல்ஸின் மேல் ஈ மொய்த்தது. ஃபேனி வாளியோடு வந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பன்றிக்கு ஆகும் என்றாள். அந்த வாரம் உள்ளூர்க்காரர்கள் ஒருவரும் வரவில்லை. கூட்டத்துக்குள் நுழைய அவர்களுக்கு மனமில்லை.

அக்டோபரில் ஐவன் பண்ணையை விற்றுவிட்டு விஸ்கான்சின் மாநிலத்துக்குக் குடிபோனார். சாமான் ஏற்ற டார்லீன் வந்திருந்தாள். படக்குழு பாத்திரத்தைத் திருப்பித் தரவில்லை. புது உரிமையாளர் கடையைத் தொடர்ந்து நடத்துகிறார். அங்கே இப்போது நீலக்கரைப் பாத்திரங்கள் விற்கின்றன.