கால் மட்டும் தெரியுற படம்

அக்காவுக்குக் கால்ல மாவுக்கட்டு போட்டு பத்து நாள் ஆச்சு. இந்த வாரத்த விட்டா பறவைங்க வலசை கிளம்பிடும். வேற வழியில்லாம கேமராவ எங்கிட்ட குடுத்தா. பச்சக் குழந்தைய தூக்கிக் குடுக்குற மாதிரி குடுத்தா.

"வண்டு, நீ அழகால்லாம் எடுக்க வேணாம். காலை எடு. மஞ்சள் வளையம், அதுல ஒரு நம்பர். அவ்ளோதான்."

பறவை ஆராய்ச்சிதான் அவ வேலை. எங்க போய் எங்க வருதுன்னு தெரிஞ்சுக்க, போன வருஷம் சேத்துல மேயுற உள்ளான் குருவி முப்பத்தொண்ணுக்கு அவளே வளையம் மாட்டி விட்டா. அப்புறம் ஒண்ணக்கூட யாரும் பாக்கல. வளையம் போட்டதாலதான் செத்துப்போச்சோன்னு அவ ஆபீஸர் சாதாரணமா சொல்லிட்டுப் போயிட்டார். அன்னைலேர்ந்து அவளுக்குத் தூக்கமில்ல. ஒண்ணே ஒண்ணு உயிரோட இருக்குன்னு தெரிஞ்சா போதும் அவளுக்கு.

கடலோரக் காட்டுக்குள்ள ஒரு மணி நேரம் நடை, அப்புறம் பலகைப் பாதை, அப்புறம் சதுப்பு. உள்ளான் ஒரு முன்னூறு இருக்கும். எனக்குக் கை நிக்கல. டகடகன்னு அமுக்கித் தள்ளிட்டேன். கார்டு ஃபுல்.

தண்ணி ஏறுச்சு, கூட்டம் பறந்துருச்சு. நான் சும்மா வருவேனா? நடந்துகிட்டே ஒவ்வொண்ணா பாத்து அழிச்சேன். மங்கல், அழி. தலை வெட்டுப்பட்டிருக்கு, அழி. கண்ணு பளிச்சுன்னு இருக்கு, இருக்கட்டும். இருநூறு போச்சு. இடம் கிடைச்ச சந்தோஷத்துல ரெண்டு நண்டு எடுத்தேன். அக்காவுக்கு போன் போட்டேன்.

"அக்கா, செம படம். குருவி கண்ணுல வானமே தெரியுது."

"கால்?"

நின்னுட்டேன். வச்சிருந்தது பூரா நெஞ்சுக்கு மேல. தலை வெட்டுப்பட்டுச்சுன்னு அழிச்சேனே, அதுல ஒண்ணுல...

"மஞ்சளா ஏதோ இருந்த மாதிரி இருந்துச்சுக்கா. அழிச்சுட்டேன்."

திட்டுவான்னு பாத்தேன், திட்டல. திட்டியிருந்தாகூட நல்லாருந்திருக்கும்.

"அழிச்சப்புறம் எத்தனை எடுத்த?"

"ரெண்டு நண்டு."

"நண்டு. சரி, கேளு. அழிச்சது கார்டுலயேதான் கிடக்கும். புதுசா எடுத்தா அது மேல ஏறி உக்காந்துக்கும். இனி ஒண்ணுகூட எடுக்காத. வீட்டுக்கு வா, கம்ப்யூட்டர்ல தோண்டிப் பாக்குறேன்."

"கார்ட வெளிய எடுத்துடவா?"

"சேத்துக் கையோட அதத் தொட்ட, கைய உடைச்சிருவேன்."

அப்பதான் காடு என்னை வச்சு விளையாட ஆரம்பிச்சுது. கைக்கெட்டுற தூரத்துல மீன்கொத்தி. அசையவே இல்ல அந்தத் திமிர் புடிச்சது. பல்லக் கடிச்சுகிட்டு தாண்டிட்டேன். பலகைப் பாதை முடியுற இடத்துல நீர்நாய். அம்மா வாயில மீனு, பின்னாடி மூணு குட்டி. அதுல ஒண்ணு எழுந்து நின்னு என்னையே பாக்குது.

போன் பைக்குள்ள. ஜிப்ப இழுத்தா ஓடிரும். கேமரா கழுத்துல. விரல் தானா பட்டன் மேல போயிருச்சு. ஒண்ணே ஒண்ணு. இருநூறு அழிச்சிருக்கேன், கரெக்டா அந்த மஞ்சள் மேலயா போய் விழும்?

விழுந்துட்டா?

ரெண்டு கையையும் கக்கத்துல இடுக்கிகிட்டேன். குட்டிங்க ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து புரண்டுச்சுங்க. அஞ்சு நிமிஷம் இருக்கும். அப்புறம் தண்ணிக்குள்ள போயிருச்சுங்க.

வீட்ல அக்கா கம்ப்யூட்டர் முன்னாடி. நான் ரூம சுத்திச் சுத்தி வரேன்.

"உக்காருடி, தலை சுத்துது."

படம் ஒண்ணொண்ணா வந்துச்சு. பாதி படம், சாம்பல் கட்டம், சேறு. அப்புறம் அது. தலை இல்ல, பாதி வயிறு, குச்சி மாதிரி ரெண்டு கால். ஒரு கால்ல மஞ்சள், பத்தொன்பது.

அக்கா நோட்ட எடுத்து விரல வச்சு இறக்கிட்டே வந்தா. நின்னுச்சு.

"இது என் கையிலயே எச்சம் போட்ட சனியன்" னா. அந்த நம்பர் மேலேர்ந்து விரல எடுக்கவே இல்ல. நான் ஜன்னல் பக்கம் பாத்துகிட்டேன்.

"அக்கா, நாலு நீர்நாய் பாத்தேன்."

"படம் எங்க?"

"எடுக்கல."

"அப்ப நீ பாக்கல" ன்னுட்டு, தலையில்லாத குருவிய ஆபீஸருக்கு அனுப்பிட்டிருந்தா.