அலாரத்தின் வாயைக் கட்டியவர்கள்

விடியுமுன்பே கலவை அள்ளத் தொடங்கிவிட்டார்கள். சிமெண்ட் தூசி தொண்டையில் ஒட்டி எச்சிலைக்கூட விழுங்க விடவில்லை. நேற்று ஒருவன் செத்த இடத்தை மணல் கொட்டி மூடியிருந்தார்கள். அதைச் சுற்றிக்கொண்டுதான் எல்லோரும் நடந்தார்கள். உயிர் போனாலும் முதலாளிக்கு மாடி எழும்ப வேண்டும்.

செத்தவன் கம்பி கட்டுகிறவன். மீசை என்று கூப்பிடுவார்கள். கிரேன் தூக்கிய கம்பிக்கட்டு, கட்டியிருந்த வார் அறுந்து அவன்மேல் விழுந்தது. பாரம் அளவை மீறினால் கிரேனில் அலாரம் அலறும், பாரம் மேலே ஏறாது. பாதியை இறக்கி இரண்டு நடையாகத் தூக்க வேண்டும். வீட்டுக்குப் போக இருட்டிவிடும். அதனால் அலாரத்தை அடக்கும் சாவியைத் திருப்பியே வைப்பது அங்கே வழக்கம். "அதோட வாயக் கட்டுப்பா" என்று கீழேயிருந்து கத்துகிறவர்களில் மீசையும் ஒருவன்.

முதலாளி வந்ததும் எல்லோரையும் கூட்டினார். கிரேன் ஆபரேட்டர் தலைகுனிந்து நின்றான்.

"இவன் குடிச்சிட்டு கிரேன்ல ஏறியிருக்கான். போலீஸ் கேட்டா எல்லாரும் அதையே சொல்லுங்க."

"சாவியத் திருப்பினது நான்தான் சார். மேல உக்காந்தவன் முடியாதுன்னு சொல்லியிருக்கணும். என்ன தண்டனையோ வாங்கிக்கிறேன். ஆனா நான் குடிக்கல."

முதலாளி மீசையின் மனைவியிடம் திரும்பினார். சித்தாளாக அங்கேயே மண் சுமப்பவள்.

"நீ சொன்னா போதும்மா. உன் புருஷனக் கொன்னவன் இவன்."

அவள் ஆபரேட்டரை வெகுநேரம் பார்த்தாள்.

"உன்ன நான் மன்னிக்க மாட்டேன் தம்பி. ஆனா நீ குடிக்கல." பிறகு முதலாளியிடம் சொன்னாள்: "வேண்டாம்னு இவன் சாவிய உங்ககிட்ட கொண்டுவந்து குடுத்தானே, அத மறுபடி இவன் கையில திணிச்சது யாரு? கீழ நின்னு கத்தினது நாங்க. என் புருஷனுந்தான்."

"இரும்பு அடிக்கிற இடத்துல ஈக்கு என்ன வேலை? போம்மா."

"அக்கா சொல்றதுதான் நிஜம்," என்றார் ஒரு கொத்தனார். "போலீஸ்ல நானும் அதத்தான் சொல்வேன்." மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

"அப்போ மூட்டையக் கட்டுங்க. உங்க இடத்துக்கு ஆளா கிடைக்காது?"

போலீஸ் வந்து ஆபரேட்டரை மட்டும் கூட்டிக்கொண்டு போனது. இவர்கள் சொன்னதை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. மதியத்துக்குள் வேறொரு ஆபரேட்டர் வந்து மேலே ஏறினான். கொக்கி இறங்கியது. தூக்க வேண்டிய கம்பிக்கட்டின் பக்கத்தில் மீசையின் மனைவி போய் உட்கார்ந்தாள். கொத்தனார் உட்கார்ந்தார். ஒவ்வொருவராக எல்லோரும் உட்கார்ந்தார்கள். கொக்கியை மாட்ட ஒரு கை நீளவில்லை.

"நானே மாட்டுறேன், தூக்குடா," என்று கத்தினார் முதலாளி.

"சைகை காட்டத் தெரிஞ்ச ஆள் கீழ இல்லாம நான் தூக்க மாட்டேன் சார்," என்று மேலேயிருந்து பதில் வந்தது.

அந்தக் குரலுக்குரியவனின் முகம்கூட அவர்களுக்குத் தெரியாது. முதலாளி வேறு ஆட்களுக்குப் போன் போட்டார். சாயங்காலத்துக்குள் அந்தப் புது ஆட்கள் வந்துவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.