பதினொரு வாயிலும் அதே பல்

எனக்குக் கோபம் வந்தாலும் கை நடுங்காது. என்னிடம் உருப்படியான குணம் அது ஒன்றுதான். பொய்ப்பல் செட் செய்து பிழைப்பவளுக்கு அது போதும்.

இருபது வருடம் நானும் தலைவியும் ஒரே மேஜையில் வேலை பார்த்தோம். தலைவி என்பது பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். அவள் பற்களை அடுக்குவாள், நான் மெழுகில் ஈறு செதுக்குவேன். நான் எந்தச் சட்டை போடுவது, யாரோடு பேசக்கூடாது என்பதெல்லாம் அவள் முடிவுதான். போன வருடம் பத்து நாள் தியான முகாமுக்குப் போனாள். திரும்பி வந்தது தன் பெட்டியை எடுத்துக்கொண்டு போகத்தான்.

"நான் அங்கேயே தங்கிடப் போறேன். நீயும் வாடி."

"வரல."

"நீ தூங்கிட்டிருக்கடி. நான் இல்லாம உன்னால ஒரு செட்டு அடுக்க முடியுமா? ஆறு மாசம் பாரு, கடையைப் பூட்டிட்டு நீயே வந்து நிப்ப."

அழுதேன். அழுதுகொண்டே முதல் செட்டை அடுக்கினேன். பூட்டுவதாவது! ஐந்து மாதத்தில் பதினொரு செட் முடித்தேன். பல் டாக்டர்கள் யாரும் ஒரு குறை சொல்லவில்லை.

பதினோராவது செட்டின் சொந்தக்காரர் மனைவியோடு நேரே என்னிடமே வந்துவிட்டார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"பல்லு நல்லாத்தாம்மா கடிக்குது. ஆனா சிரிப்பு என்னுது இல்ல."

"காலையில கண்ணு முழிச்சா, பக்கத்துல யாரோ ஒரு பொம்பளை சிரிக்குது," என்றார் மனைவி.

பொய்ப்பல் என்று தெரியாமலிருக்க ஒரே ஒரு பல்லை லேசாகத் திருப்பி வைப்பது எங்கள் தொழில் வழக்கம். எந்தப் பல் என்று யாரும் யோசிப்பதில்லை, கை பார்த்துக்கொள்ளும். செட்டை வெளிச்சத்தில் பிடித்தேன். மேல்வரிசையில் இடப்பக்கம் இரண்டாவது பல், முன்பல்லின் மேல் கொஞ்சம் ஏறி நின்றது. தலைவியின் வாயில் இருக்கும் அதே பல்!

அனுப்புமுன் எடுத்து வைத்த படங்களை ஃபோனில் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். பதினொன்றிலும் அதே பல். அவள் என்னை விட்டுப் போய்விட்டாள், நான்தான் அவளை விடவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகம். எனக்கென்று அப்படி என்னதான் இருக்கிறது?

நாளைக்குப் பழைய ஃபோட்டோவோடு வரச் சொல்லி அவர்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். பல் அளவெடுக்கும் அச்சுப் பசையைக் குழைத்துத் தட்டில் நிரப்பி என் மேல்வரிசையிலேயே அழுத்திப் பிடித்தேன். எச்சில் வழிய, மூக்கால் மூச்சு விட்டபடி நாலு நிமிடம். பேச முடியாது. யாருக்கும் தலையாட்டவும் முடியாது. அப்போதுதான் எனக்குள்ளே ஒருத்தி இருப்பது தெரிந்தது. சும்மா இருந்தாள். யாரும் சொல்லித்தராமலே இருந்தாள். இத்தனை வருடமும் அங்கேயேதான் இருந்திருக்கிறாள். எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. முகாமில் பத்து நாள் தேடினால் கிடைப்பது இதுதானென்றால், நல்லது, நான் கடையைப் பூட்ட வேண்டியதில்லை.

அச்சில் பிளாஸ்டர் ஊற்றி எடுத்தேன். முன்பற்களுக்கு நடுவே தாராளமான சந்து. பத்து வயதில் "வாயை மூடிச் சிரிடி, அசிங்கமா இருக்கு" என்று தலைவி சொன்ன நாளிலிருந்து கையால் மறைத்துவந்த சந்து. அந்த அச்சை மேஜை நடுவில் வைத்தேன்.

மறுநாள் டிரைவரின் கல்யாண ஃபோட்டோவைப் பார்த்துப் பல்லை அடுக்கினேன். "இதேதான், இந்தத் திருட்டு முழிக்கு ஏத்த சிரிப்பு," என்றார் மனைவி. மற்ற பத்துப் பேரையும் வரச் சொல்லி டாக்டர்களிடம் தப்பை ஒப்புக்கொண்டேன். ஒருவர் கத்தினார். கத்தட்டும்.

ஆறாம் மாதம், நான் போகாததால் தலைவியே வந்தாள். வெள்ளை உடை, மெதுவான பேச்சு.

"உனக்கு இடம் பிடிச்சு வச்சிருக்கேன். முழிச்சிக்கோடி."

எனக்குச் சிரிப்பு வந்தது. பழக்கதோஷத்தில் கை வாய்க்குப் போனது. பாதியில் இழுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டேன்.

தலைவி முகம் சுளித்தாள். "வாயை மூடுடி."

"மாட்டேன்," என்றேன். "வேலை கிடக்கு. நீ கிளம்பு."